பூட்டிய ஓய்வுக் கூடம்

மரக்காணம் உப்பளத்தில் அரசாங்கம் கட்டிய ஓய்வுக் கூடம் பொங்கலுக்கே தயாராகிவிட்டது. மின்விசிறி, குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்கு நான்கு கழிப்பறைகள் என்று எல்லாம் இருந்தன. வாசலில் ஒரு பெரிய பூட்டும் இருந்தது.

திறந்து வைக்க வேண்டிய பெரியவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தேதி கொடுப்பார், தள்ளிப் போடுவார். சித்திரை பிறந்துவிட்டது. வாசலில் கட்டிய ரோஸ் ரிப்பன் வெயிலில் வெளுத்து வெள்ளை ரிப்பனாகிவிட்டது.

உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய வரை பாத்தியும் வரப்பும்தான். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. அதற்குப் பயந்தே உப்பு வாரும் பெண்கள் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. போன வாரம் அமுதவல்லி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். ஓடிவந்து அவளை லோடு ஆட்டோவில் ஏற்றியவன் கூடத்தின் காவலாளி பிரபு. அப்போதும் சாவி அவன் இடுப்பில்தான் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அமுதவல்லி நேராக அவனிடம் போனாள்.

"ஏம்பா, கதவைத் தொறந்துவிட்டா உன் சொத்தா கொறைஞ்சிடும்?"

"வேலை போயிடும்க்கா. விழா முடியற வரைக்கும் ஈ காக்கா உள்ள நுழையக் கூடாதுன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு."

"எங்களுக்கு ஈ காக்கா எவ்வளவோ மேல். அதுங்க எங்க வேணா ஒதுங்குது."

பிரபு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதன்பிறகு அவன் போக்கே சரியில்லை. கனத்த பை ஒன்றோடு வேலைக்கு வந்தான். யாராவது பக்கத்தில் போனால் அதை நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"உள்ள என்னவோ பதுக்கி வச்சிருக்கான். அதான் நம்மள விட மாட்டேங்கறான்" என்றாள் அமுதவல்லி.

அவள் சொன்னதற்கு ஏற்றாற்போல் வியாழக்கிழமை போலீஸ் ஜீப் வந்து நின்றது. பூட்டிய கூடத்துக்குள் கள்ளச்சாராயம் இருப்பதாகத் தகவல். இந்தப் பக்கத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பலர் செத்து, ஒருமுறை பட்டுவிட்டார்கள். சாராயம் என்று காதில் விழுந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. 'தகவல் தருவோர் பெயர் ரகசியமாக வைக்கப்படும்' என்று மெயின் ரோடு திருப்பத்தில் அரசாங்கமே போர்டும் வைத்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் விஜயகுமார் இறங்கினார். சாட்சிக்கு வி.ஏ.ஓ.வும் இறங்கினார். பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

"சாவி எங்கடா?"

"பாத்தியில விழுந்துடுச்சுங்க ஐயா."

"எப்ப?"

"காலையிலதாங்க."

"நாங்க வர்ற அன்னைக்குப் பார்த்து விழுந்துதாக்கும்."

கான்ஸ்டபிள் நாற்காலிக்கு அடியிலிருந்த பையை இழுத்துக் கொட்டினார். பாட்டில் பாட்டிலாக உருண்டது. இன்ஸ்பெக்டர் ஒன்றைத் திறந்து ஆழமாக மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பினாயிலுங்க ஐயா. ஆஃபர்ல கெடைச்சுது" என்றான் பிரபு.

"சாராய வாடைய மறைக்கறதுக்கா?"

பிரபு கதவை மறைத்துக்கொண்டு நின்றான். "ரிப்பன பெரியவர்தாங்க வெட்டணும்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, "சார், நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்துட்டேன்" என்றான். சாராயம், போலீஸ் என்ற இரண்டு சொற்களைக் கேட்டதும் கான்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டார்.

"திருடனுக்கு வாய் எவ்வளவு நீளம் பாருடி" என்றாள் அமுதவல்லி. அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

கான்ஸ்டபிள் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். குறுக்கே நின்ற ரிப்பனை இன்ஸ்பெக்டர் பிய்த்து எறிந்தார். பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

கூடத்தில் ஒன்றும் இல்லை. புது டைல்ஸ் பளபளத்தது. மூன்று கழிப்பறைகளிலும் ஒன்றும் இல்லை. நான்காவதற்குள் போன இன்ஸ்பெக்டர் வெளியே வரச் சற்று நேரமானது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கரடுமுரடான மண்பாதையில் ஜீப்பில் குலுங்கி வந்தவர், பாவம்.

அதற்குள் பெண்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

"சார், விழா நடக்கறதுக்கு முன்னாடி இவங்கள விட்டா..." என்று இழுத்தார் வி.ஏ.ஓ.

"நானே போயிட்டு வந்துட்டேன். இவங்கள எந்த வாயால வேணாம்னு சொல்றது?" என்றார் இன்ஸ்பெக்டர். "பூட்டும் ஒடைஞ்சாச்சு. விடுய்யா."

பிறகு பிரபுவைப் பார்த்தார். "எவனோ பொய்த் தகவல் கொடுத்து அலைக்கழிச்சிட்டான். பேரைக் கேட்டா மேல சொல்ல மாட்டேங்கறாங்க. கையில கெடைச்சான், தோல உரிச்சிடுவேன்."

"விடாதீங்க ஐயா. என் மானமே போயிடுச்சு" என்றான் பிரபு.

ஜீப் போனது. அமுதவல்லி குழாயடியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். இத்தனை மாதத்தில் வேலை நேரத்தில் அவள் பயமில்லாமல் தண்ணீர் குடித்தது அன்றுதான். வாயைத் துடைத்துக்கொண்டு பிரபுவிடம் வந்தாள்.

"உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேம்பா. எவன் பெத்த புள்ளையோ போன் பண்ணியிருக்கான், நல்லா இருக்கணும்."

பிரபு தலையாட்டிவிட்டு, பினாயில் பாட்டில்களைக் கழிப்பறைக்கு ஒன்றாக வைக்கப் போனான்.

பெரியவர் கொடுத்த தேதிகளெல்லாம் தவறிப் போயிருக்கலாம். ஆனால் போர்டில் எழுதிய வாக்கை அரசாங்கம் அப்படியே காப்பாற்றியது. தகவல் கொடுத்த காவலாளி பிரபுவின் பெயர் இன்றுவரை வெளியே வரவில்லை.