கடலை நோக்கி வீசும் காற்று

மேற்கு மலையில் மழை இறங்கியிருக்கிறது. அங்கிருந்து வரும் காற்று தூத்துக்குடிக் கரையின் மணலை வாரிக் கடலுக்குள் கொட்டுகிறது. பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் அலைமேல் சறுக்கப் போன சிவப்பிரகாஷைக் காலையிலேயே அது உள்ளே இழுத்துப் போய்விட்டது. தேடப் போன படகு வெயில் சாயும் நேரத்தில் திரும்புகிறது. அவன் மனைவி இந்துமதி இடுப்பளவு தண்ணீரில் ஓடுகிறாள். அவனோடு தினமும் சறுக்கும் நண்பன் லிங்கராஜ், சிவப்பிரகாஷின் நனைந்த ஆரஞ்சுப் பட்டத்தோடு படகிலிருந்து இறங்குகிறான். "அவுக எங்கண்ணே?" "இதுதாம்மா கெடச்சுது. காத்து கொறையட்டும், மறுபடி போவோம்." "எப்பம் கொறையும்?" அவன் செல்போனில் வானிலையைப் பார்க்கிறான். நாளையும் இதே காற்றுதான். சறுக்குபவர்களுக்கு அருமையான நாள் என்கிறது அது. "கொறஞ்சிரும்மா" என்கிறான். அவளுடைய துப்பட்டா கடல் பக்கமே படபடக்கிறது.