காலாவதியான போன்

தம்பானூர் சர்வீஸ் சென்டரில், தையல்காரி எலிசாள் தன் போனை மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"போன மாசம் இதைத் தூரப் போடச் சொன்னது நீங்கதானே?"

கவுண்டரில் இருந்த அபிலாஷ் நிமிர்ந்தான். "ஆமா சேச்சி. இந்த மாடலுக்குக் கம்பெனி அப்டேட்டை நிறுத்தியாச்சு. ஒண்ணும் செய்ய ஒக்காது."

"இப்போ பாருங்க! என் அண்ணன் மகள் நெட்டுல தேடி, யாரோ சும்மா குடுத்த வேற சிஸ்டத்தை இதுல ஏத்திட்டா. நின்னுபோன வாட்ஸ்அப் ஓடுது. தையல் ஆர்டர் பழையபடி வருது."

"அது கம்பெனி சாஃப்ட்வேர் இல்ல சேச்சி, ஆபத்து."

"எது ஆபத்து? முகம் தெரியாத ஒருத்தனுக்கு இருக்க மனசு உங்க கம்பெனிக்கு இல்லையே! நல்ல போனைக் குப்பைன்னு சொல்ல வெக்கமா இல்ல?"

அபிலாஷ் மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கேமரா ஒழுங்கா வேலை செய்யுதா? முதல்ல மக்கர் பண்ணிச்சு. ஞாயித்துக்கிழமைதான் சரிபண்ணி நெட்டுல போட்டேன்."

எலிசாளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"நீயா? நீயா தம்பி அதைச் செஞ்சது?"

"மெல்லப் பேசுங்க சேச்சி. உள்ளே கேட்டா என் வேலை போயிரும்."

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "அப்போ என்கிட்ட ஏன் மறைச்ச?"

அவன் பதில் சொல்லுமுன், பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் அதே மாடல் போனை நீட்டினார். அபிலாஷ் அதைக் கையில் வாங்கி, உள்ளறைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"இதுக்கு இனி ஒண்ணும் செய்ய ஒக்காது. புதுசு வாங்கிக்கோங்க."

எலிசாள் அந்தப் போனைப் பிடுங்கிப் பெரியவர் கையிலேயே திணித்தாள்.

"வெளியே வாங்க அண்ணாச்சி, நான் சொல்லுதேன்."