எண்ணெய் மக்களுக்கே

எழுவைதீவுக் கரையில் வெயில் சாய்கிறது. ஒரு காலத்தில் பிள்ளைகள் கிளித்தட்டு மறித்து விளையாடிய மணல்வெளி இப்போது கடலுக்குள். அலை பழைய மீனவர் சங்கக் கட்டடத்தின் சுவரையே தொடுகிறது. வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளை எதிர்த்து இளவயதில் அதில் தான் எழுதிய "எண்ணெய் மக்களுக்கே" என்ற சிவப்பு எழுத்துகளை இடதுசாரித் தோழர் பாலசிங்கம் மறுபடி தீட்டுகிறார். மன்னார்க் கடலில் எண்ணெய் தேடப்போகிறார்களாம். அன்று சிறுமியாகப் பெயின்ற் தகரம் பிடித்த மாக்கிறேற், இன்றும் மீன்செதில் ஒட்டிய கையால் பிடித்து நிற்கிறாள். "'எண்ணெய்' எண்டதை அழிச்சுப்போட்டு 'கடல்' எண்டு எழுதுங்கோ, தோழர்." தூரிகை அந்தரத்தில் நிற்கிறது. "கட்சியைக் கேக்காமல் ஏலாது, பிள்ளை." "இந்தத் தீவிலை கட்சியெண்டு இப்ப நீங்கள் மட்டும்தானே?" அவர் தூரிகையைத் தகரத்துக்குள் வைக்கிறார். "ஓம். அப்ப ஒரு கூட்டம் வைக்கவேணும்," என்கிறார், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி.