விட்டுப்போன ஓர் அட்டை

கம்ப்யூட்டருக்காகத் துளையிட்ட அட்டைகளில் நாற்பதில் பெயரை மாற்றியாகிவிட்டது. நாற்பத்தொன்றாவது அட்டை தப்பிவிட்டதை, அது கைக்கு வந்த பிறகுதான் புஷ்பவள்ளி பார்த்தாள்.

உலைக்கு எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று துளையிட்டுக் கொடுத்தால், எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல் சொல்லாகப் பிரிக்கிற புரோகிராம் அது. பிரித்த சொல்லைப் போட்டுவைக்கும் இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அதை எழுதிய, கூட வேலை பார்க்கும் மருதுவுக்குக் குசும்பு அதிகம். தன் பெயரையே வைத்துவிட்டான்.

அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. அட்டைக் கட்டு சென்னைக்குப் போக வேண்டும். போகுமுன் ஒவ்வோர் அட்டையையும் அவள் உரக்கப் படிக்க, மேற்பார்வை பார்க்கும் நாச்சியார் தாளில் டிக் அடிப்பார். போன வாரம்வரை அந்தப் பெயரையும் கடகடவென்று படித்தவள்தான்.

சனிக்கிழமை, திருக்கோஷ்டியூர் கோயிலுக்கு என்று லீவு போட்டாள். திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக, அந்தப் பெயரை ‘வேர்டு’ என்று மாற்றினால் யார் பார்த்தாலும் தெளிவாகப் புரியும் என்று தானே போய்ச் சொன்னாள். நல்ல யோசனை என்றார் நாச்சியார்.

மணி நாலே முக்கால். ஐந்துக்கு அண்ணன் முத்துக்கருப்பன் சைக்கிளோடு வாசலில் நிற்பான். வேறு சாதிப் பயல் மருதுவோடு அவளை யாராவது சேர்த்துப் பார்த்ததாகக் காதில் விழுந்தால், அவன் காலை எடுத்துவிடுவதாக ஆடி மாதமே சொல்லிவிட்டான். சொன்னதைச் செய்கிற ஆள்.

நாச்சியார் பென்சிலோடு காத்திருந்தார். புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். ‘இது’ என்று மட்டும் சொல்லித் தாண்டப் பார்த்தாள்.

நாச்சியார் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

போச்சு என்று நினைத்தாள். ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், மருது உயிரோடு ஊர் தாண்ட மாட்டான்.

நாச்சியார் சன்னல் வழியே வாசலை எட்டிப் பார்த்தார். கல்யாணமாகி இருபது வருஷமாகத் தன் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாமல், யார் கேட்டாலும் எழுதியே காட்டுகிறவர் அவர்.

குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “மஞ்சக் கயித்த நல்லா உள்ள தள்ளிக்க. ஒங்கண்ணன் வந்துட்டாரு.”