மூன்றாவது வரிசை

மைக் மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டது.

எழுந்து போய்விடலாமா என்று இசைவாணி யோசித்தாள். வெளியே போவதென்றால் கயல்விழியையும் துறைத்தலைவர் வைத்தியலிங்கத்தையும் தாண்டித்தான் போக வேண்டும். இந்தப் பக்கம் சுவர்.

மொழியியல் கருத்தரங்கின் முதல் நாள். காலையில் சொற்களின் பொருளைக் கணினி எப்படி எண்களாக்கி வைத்துக்கொள்கிறது என்று பேசினார்கள். அதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மதியம் ஒலியனியல். பெங்களூரிலிருந்து வந்திருந்த பகலவன் என்ற இளைஞர் தன் மென்பொருளைத் திரையில் போட்டுக் காட்டினார். ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதும், பேசியவர் டெல்டாவில் எந்தப் பக்கத்து ஆள் என்று அது சொல்லிவிடுமாம்.

'வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, நாளைக்கு நாத்து பறிக்கணும்.'

அதை அவரவர் வீட்டில் பேசுகிற மாதிரி சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பக்கத்தில் ஓர் எழுத்து வரும். அ, ஆ, இ, ஈ, இவற்றில் ஒன்று.

"அது சமூகப் பிரிவு. பேர் போட வேணாம்னு வெறும் எழுத்தா வச்சிருக்கோம்" என்றார் பகலவன்.

பேர் போட்டிருக்கவே வேண்டியதில்லை. முதல் வரிசை முடிவதற்குள் எந்த எழுத்து யாருடையது என்று மண்டபத்துக்கே தெரிந்துபோனது. சிலர் தங்கள் எழுத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டார்கள்.

இரண்டாவது வரிசையில் ஓர் ஆய்வு மாணவருக்கு ஈ வந்தது. அதுவரை கேட்ட சிரிப்பு நின்றது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

இசைவாணிக்கும் ஈதான் வரும்.

எந்த இடத்தில் மாட்டுவாள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அவள் படித்ததும் இதைத்தானே. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் காலனி என்று சொல்லப்படும் அவள் தெருவில், பேச்சின் கடைசி உயிரொலியில் ஓர் இழுப்பு உண்டு. அதைத் தேய்த்து எடுக்க அவளுக்கு வருடங்கள் ஆயின.

வைத்தியலிங்கத்தின் வகுப்புகளைப் போனில் பதிவு செய்து, விடுதி மொட்டைமாடியில் நின்று, அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் ழகரத்தை அவர் மாதிரியே சொல்லிப் பழகினாள். இப்போது தஞ்சாவூரில் அவளை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கூட வேலை பார்க்கும் கயல்விழியின் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். கயல்விழியின் அம்மா ஊரை மட்டும் கேட்டார். இவ்வளவு சுத்தமாகப் பேசுகிற பெண் என்று மிச்சத்தை அவராகவே முடிவுசெய்துகொண்டார். அந்த வீட்டுச் சமையலறை வரைக்கும் இசைவாணி போய்வருகிறாள்.

ஆனால் இந்த வாக்கியத்தை என்ன செய்வது? அம்மா காத்தாயி இன்னும் நாற்று பறிக்கப் போகிறாள். நேற்றுக்கூடப் போனில் இதையேதான் சொன்னாள். அம்மாவின் குரலில் தவிர வேறு மாதிரி இதைச் சொல்ல இசைவாணிக்கு வராது.

கயல்விழி மைக்கை வாங்கிச் சிரித்தபடியே சொன்னாள். கும்பகோணத்துக்குத் தெற்கே புள்ளி விழுந்தது. ஆ. நாலு பேர் கைதட்டினார்கள். அவள் மைக்கை வைத்தியலிங்கத்திடம் நீட்டினாள்.

இவருக்கு அடுத்தது இசைவாணி. தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டலாம். சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசிவிட்டு இப்போது காட்டினால் நம்புவார்களா?

வைத்தியலிங்கம் எழுந்தார். அவர் தமிழைக் கேட்பதற்கென்றே கூட்டம் வரும். மண்டபம் அமைதியானது.

அவர் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

கட்டைவிரல் மட்டும் மைக்கின் அடியில் நகர்ந்து பொத்தானைக் கீழே இழுத்தது. அதை இசைவாணி மட்டுமே பார்த்தாள். அவர் மைக்கைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிவிட்டு, அது வேலை செய்யவில்லை, தேநீருக்கும் நேரமாகிவிட்டது, விடுபட்டவர்கள் நாளை பேசலாம் என்று குரலை உயர்த்திச் சொன்னார்.

நாற்காலிகள் நகர்ந்தன. கயல்விழி முன்னால் போய்விட்டாள்.

தனக்காகத்தான் செய்தார் என்று இசைவாணி நினைத்தாள். எப்படியோ தன்னைத் தெரிந்துகொண்டு காப்பாற்றியிருக்கிறார். கண் கலங்க, நன்றி சொல்லத் திரும்பினாள்.

அவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்க்கவே இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். திரையில் இன்னும் நின்றிருந்த வாக்கியத்தை அவர் உதடுகள் ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தன. கடைசிச் சொல்லில் உதடு குவிந்தபடியே, முடிக்காமல், இழுத்துக்கொண்டு நின்றது.

அது அவள் தெரு இழுப்பு.

மண்டபத்தில் இப்போது அவர்கள் இருவரும், மேடையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பகலவனும்தான். அவள் அவர் பக்கம் குனிந்தாள். தஞ்சாவூருக்கு வந்த பிறகு வெளியே ஒருமுறைகூடப் பேசாத பேச்சில், அம்மாவிடம் பேசுகிற மாதிரி, மெல்லச் சொன்னாள்.

"வாங்கய்யா, ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சிட்டு வருவோம்."

இழுப்பை அவள் மறைக்கவில்லை.

வைத்தியலிங்கம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முதலில் வாசலைப் பார்த்தார், யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் அவள் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

எழுந்து மேடைக்கு நடந்தார். பகலவனின் தோளில் கை வைத்தார். எல்லோரும் புகழ்கிற அந்தச் சுத்தமான தமிழ் காலி மண்டபத்தில் தெளிவாகக் கேட்டது.

"நாளை நான் விடுப்பு. நீங்கள் இசைவாணியிடமிருந்து தொடங்கிக்கொள்ளுங்கள்."

பகலவன் அவளைத் திரும்பிப் பார்த்து, சிரித்தபடி தலையாட்டினார்.