கதவைத் தட்டியவள்

அந்தக் கணினி விளையாட்டில் வரும் ஊர்க்காரர்கள் நடந்த எதையும் மறப்பதில்லை என்று மகள் மிதுனா சொன்னதுதான் வைரமணிக்கு ஆசையைக் கிளப்பியது. ஐம்பத்திரண்டு வயதில், திருப்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் வாளோடு அந்த ஊருக்குள் போனாள். மிதுனாவும் கூடவே வந்தாள்.

ஆற்றைத் தாண்ட ஒரு சாவி வேண்டும். அது முதல் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

“உள்ள பூந்து எடுத்துக்கோம்மா. எல்லாரும் அப்படித்தான். நான்கூட இந்த ஊட்லதான் ஒரு கொலுசு எடுத்தேன்.”

“அடுத்தவங்க ஊட்டுக்குள்ள கேக்காம எப்படிக் கண்ணு போறது?”

வைரமணி போர்க்காலணிகளை வாசலில் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள். “ஏனுங்க, ஊட்ல யாருங்க?”

மிதுனா விழுந்து விழுந்து சிரித்தாள். வைரமணி அசையாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து உள்ளே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. ஒரு பெண் பெட்டியை வாசல்வரை இழுத்து வந்து நிறுத்தினாள்.

“எடுத்துக்கங்க. தட்டுனா என்ன பண்ணோணும்னு எங்களுக்குத் தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் தட்டுனதில்லை.”

மிதுனாவின் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“அம்மா... அந்தக் கொலுசு யாரோடதுன்னு கேளு.”