அவங்க அடிச்சாங்க

புல்டோசரின் விரல் முட்டிகளில் ரத்தம் காய்ந்து போயிருந்தது.

தலைமை ஆசிரியர் அந்தக் கையையே வெறித்துப் பார்த்தார். உட்காரவும் பிடிக்காமல், நிற்கவும் பிடிக்காமல் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இது என்னடா?"

"சுவத்துல குத்தினேன் சார். மேட்ச்ல தோத்துட்டோம்."

"சுவரு உன்னை என்னடா பண்ணிச்சு?"

புல்டோசர், பத்தாம் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர். எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் மறுபேச்சு. ஏற்கெனவே இரண்டு புகார். இன்னொன்று வந்தால் டி.சி. என்று சொல்லியாகிவிட்டது.

அந்த இன்னொன்று, மேஜைக்கு அந்தப் பக்கம் தலைகுனிந்து நின்றிருந்தது. ஒல்லி உடம்பு. வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் வகுப்பில் அவன் பெயர் சைலன்சர். காலையில் விளையாட்டு வகுப்புக்குச் சட்டை மாற்றும்போது, அவன் முதுகு முழுவதும் தடிப்புத் தடிப்பாகக் கோடுகள். யார் என்று கேட்டதற்கு, "அவங்க அடிச்சாங்க சார்" என்றான். அதோடு வாய் பூட்டிக்கொண்டது.

அவங்க என்றால் வேறு யார்? புல்டோசரும் அவன் கூட்டாளிகளும்தான். கூட்டாளிகள் மூன்று பேரும் வராந்தாவில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இல்ல சார்!" புல்டோசர் நிலைகொள்ளாமல் தவித்தான். "நான் அடிச்சா மூஞ்சிலதான் அடிப்பேன். யாரை வேணா கேளுங்க. முதுகுல அடிக்கிறதெல்லாம் என் பழக்கமே இல்ல."

"பெருமையைப் பாரு! தனக்குத்தானே நற்சான்றிதழ் குடுத்துக்கிறான்," என்றார் தலைமை ஆசிரியர்.

சைலன்சரின் அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். போன் வந்ததும், துணிக்கடையில் மாட்டிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தவள்.

"பொத்திப் பொத்தி வளர்க்கிறேன் சார் இவனை. இந்த ரவுடி இங்க இருந்தா, நாளைக்கு எம்புள்ளை உசிரோட வீட்டுக்கு வருவானா? இப்பவே அனுப்புங்க. இல்லேன்னா நேரா போலீசுக்குத்தான் போவேன்!"

"அதெல்லாம் வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன்."

தலைமை ஆசிரியர் டி.சி. படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். புல்டோசரின் உதடு துடித்தது. அவன் அழுது அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

"சார், பரீட்சை நேரம் சார்... எங்கப்பா செத்துடுவாரு சார்... டேய், நீயாவது சொல்லேன்டா!"

சைலன்சர் சட்டை நுனியை முறுக்கினான். விட்டான். மறுபடி முறுக்கினான்.

"என்னடா பயம்? நான் இருக்கேன்ல, சொல்லு," தலைமை ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க, அவங்கன்னியே, மொத்தம் எத்தனை பேரு? வெளியில நிக்கிறவனுங்களையும் சேர்த்தே அனுப்பிடறேன்."

பையன் நிமிர்ந்து புல்டோசரைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவளைப் பார்க்காமலேயே சொன்னான்.

"ஒருத்தங்கதான் சார். எங்கம்மா."